ஆளுக்குக் கால் பங்கு

செல்வி இடது கையால் மிக்ஸியின் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது புறங்கையால் மூக்கைத் தேய்த்தாள்.

"இன்னாவோ நாத்தம் வர்து," என்றாள்.

"மல்லாட்ட வறுத்த வாசனைம்மா அது," என்றார் அவளுடைய அப்பா.

"வறுத்து ஒரு மணி நேரம் ஆவுது. இப்ப இன்னா வாசன?"

நாங்கள் நான்கு ஆண்கள் அவளுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டிருந்தோம். எங்கள் பார்வை சுவரில் பொருத்தியிருந்த ஒரு சிறிய பெட்டியின் மேல் இருந்தது. அதற்குள் ஒரு பிரேக்கர். அதன் நாக்கு மேல்நோக்கி நின்றது. மின்சாரம் அளவு மீறினால் அந்த நாக்கு தானாகக் கீழே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும். விழுகிறதா இல்லையா என்று பார்க்கத்தான் அன்று காலை பத்து மணிக்குக் கூடியிருந்தோம்.

மிக்ஸி ஓடியது. கிரைண்டர் ஓடியது. மின்விசிறி சுழன்றது. ஸ்டூலின் மேல் ஓர் இஸ்திரிப் பெட்டி சூடாகிக்கொண்டிருந்தது. நாக்கு அசையவில்லை.

"பாத்தீங்களா மாமா, மலை மாதிரி நிக்கிது!" என்று என் மைத்துனன் ஏழுமலை என் தோளைத் தட்டினான்.

பெட்டிக்குக் கீழே, வயர் போகும் குழாயின் வாயிலிருந்து, ஊதுபத்திப் புகை போல ஒரு கோடு எழுந்தது.

மூன்று அட்டைப் பெட்டிகள்

ஏழுமலை என் மனைவி கஸ்தூரியின் தம்பி. திண்டிவனத்திலிருந்து மேல்சித்தாமூர் போகும் வழியில் அவனுக்கு இரண்டு ஏக்கர் கொல்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடுவான், கோழி வளர்ப்பான். பன்றி வந்து மல்லாட்டையைத் தோண்டுகிறது என்று கொல்லையிலேயே இரண்டு அறை கட்டிக்கொண்டு குடிபோனான். கல்யாணமாகி அப்போது இரண்டு வருடம். செல்வியும் போனாள்.

வீடு நன்றாக இருந்தது. மின்சாரம் மட்டும் இல்லை. கடைசி மின்கம்பம் அரை மைல் தள்ளி நின்றது. மனுப் போட்டிருந்தான். வரிசை நீளம்.

அந்த நாட்களில்தான் ரேஷன் அட்டை வைத்திருந்த குடும்பங்களுக்கு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி மூன்றும் அரசாங்கத்திலிருந்து வந்தன. ஏழுமலைக்கும் வந்தன. மின்சாரம் இருக்கிறதா என்று அட்டையில் எழுதியிருக்காது அல்லவா? மூன்று அட்டைப் பெட்டிகளையும் செல்வி சுவரோரம் அடுக்கி வைத்தாள். கிரைண்டர் பெட்டி விருந்தாளிகளுக்கு நாற்காலி ஆயிற்று. மின்விசிறிப் பெட்டியில் ஒரு கோழி அடைகாத்துப் பதினொரு குஞ்சு பொரித்தது. மிக்ஸிப் பெட்டியை மட்டும் செல்வி யாரையும் தொட விடவில்லை.

சட்னியோ மாவோ அரைக்க அவள் இரண்டு கொல்லை தாண்டி அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மழைநாள், அரைத்த மாவுத் தூக்கோடு வரப்பில் வழுக்கி விழுந்தாள். மறுநாள் காலை வானூரில் இருந்த அப்பா வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஏறும் முன் அவள் சொன்னதை ஏழுமலை என்னிடம் அப்படியே ஒப்பித்தான்: "மிக்ஸி சுத்தற அன்னிக்கி சொல்லி அனுப்பு, வர்றேன். அதுவரைக்கும் நீயும் உன் கோழியும் குடித்தனம் பண்ணிக்கினு இருங்க."

அவன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வானூருக்குப் போய் வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தான். மற்ற ஆறு நாட்களும் திண்டிவனத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டான்.

"எந்தம்பி எளைச்சிட்டான்," என்று கஸ்தூரி கண்ணைத் துடைத்தாள். அப்போது இருபது வருடமாகச் செய்தியாளனாக இருந்தவன் நான். இளைத்ததற்கான ஆதாரம் எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் அவன் தட்டில் தோசை அப்படியே இருந்தது. "அங்க வாசல்ல தண்ணி குடுத்தாங்க மாமா. சொம்ப அவ கொண்டாந்து வெக்கல, அவங்க அம்மா வெச்சாங்க," என்றான்.

விஷயம் தீவிரம் என்று எனக்கும் தெரிந்தது. சூரிய மின்சாரம் வைத்துவிடுவது என்று தீர்மானித்தோம்.

ஐந்தரை மணி

கூரைக்குத் தகடுகள் வந்தன. இரண்டு பேட்டரி வந்தது. விழுப்புரத்தில் மூடப்பட்ட ஒரு கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து பழைய இன்வெர்ட்டர் ஒன்று வந்தது. ஒரு வகுப்பறைக் கணினிகளையே தாங்கியதால் அதற்கு வலு அதிகம். பேட்டரியின் மின்சாரத்தை மிக்ஸிக்கு ஏற்றபடி மாற்றித் தருவது அதன் வேலை.

பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் எத்தனை ஆம்ப் பிரேக்கர் போடுவது? இது தெரிந்தவர் திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்து ஒருவர்தான், மின்சாதனக் கடை வைத்திருந்த நைனார். மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணர். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். அதனால் தினமும் ஐந்தரைக்குக் கடையிலேயே டிபன் கேரியரைத் திறந்துவிடுவார். திறந்தபின் யார் வந்தாலும் பேச்சு கிடையாது.

நான் போனபோது மணி ஐந்து இருபது.

"மிக்ஸி எவ்ளோ வாட்டு?"

"ஐந்நூறு."

"பேட்டரி ரெண்டும் சேந்து இருவத்தி நாலு வோல்ட்டு. ஐந்நூற இருவத்தி நாலால வகுங்க சார்."

"இருபது, சொச்சம்."

"இன்வர்ட்டரு சும்மா வேல செய்யுமா? அதுக்கும் கொஞ்சம் தீனி. இருவத்தஞ்சுன்னு வெச்சிக்கங்க. அதுமேல ஒரு கால் பங்கு."

"முப்பத்தொன்று."

"முப்பத்தி ரெண்டு ஆம்ப்ல வர்து. அத போடுங்க. டிசிக்குன்னு தனியா வரும், அதான் வோணும். வூட்டுக்குப் போட்றத மாட்னா உள்ள பொறி அணையாது. வயரு ஆறு எம்எம். இன்னொண்ணு சார்…"

கடிகாரம் அடித்தது. அவர் கேரியரைத் திறந்தார். "சாப்ட்டுட்டு சொல்றேன், குந்துங்க," என்று கையைக் காட்டினார்.

எனக்கு ஆறு மணிக்குள் ஒரு செய்தி அனுப்ப வேண்டியிருந்தது. 'பிரேக்கர் 32 ஆம்ப், டிசி. வயர் 6 எம்எம்' என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவர் சொல்லவந்த இன்னொன்று அந்தக் கேரியரோடு நின்றுவிட்டது.

குறைந்துகொண்டே வந்த கூட்டம்

எண்களைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்ற எண்ணம் அந்த நாளில் எனக்கு உண்டு.

மாவட்டம் தனியாகப் பிரிந்த புதிதில் நான் விழுப்புரத்தில் செய்தியாளன். ஒரு கட்சிக் கூட்டம். ஐம்பதாயிரம் பேர் என்றார் அதன் செயலாளர். நான் கூட்டத்தை டியூப்லைட் கம்பம் வைத்து எண்ணுவேன். தரையில் உட்கார்ந்தால் இரண்டு கம்பத்துக்கு நடுவில் இருநூறு பேர். முப்பது இடைவெளி இருந்தது. ஆறாயிரம் என்று எழுதி அனுப்பினேன்.

செய்தியாளன் எப்போதும் கட்சிக்காரன் சொன்னதைத்தான் எழுதுவான் என்று நினைத்த மண்டல அலுவலகத்தார் அதைப் பாதியாக்கினார்கள். மண்டல அலுவலகம் எப்போதும் ஏமாறும் என்று நினைத்த தலைமையகத்தார் அதையும் பாதியாக்கினார்கள். பேப்பர் பக்கத்தில் இடம் ஒதுக்கியவர் அச்சேறும் முன் தன் பங்குக்கு ஒரு வெட்டு வெட்டினார். காலையில் பேப்பரைப் பிரித்தால், 'எழுநூறு பேர் திரண்டனர்.'

எட்டு மணிக்குச் செயலாளர் என் அறைக்கு வந்தார். கோபம்கூட இல்லை, அழாத குறை. "சார், மேடை மேலயே எரநூறு பேரு குந்திக்கினு இருந்தோமே சார்," என்றார்.

அதன்பின் எந்த எண்ணை அனுப்பினாலும் கீழே ஒரு வரி சேர்ப்பேன்: 'எண்ணிச் சரிபார்த்தது. கை வைக்க வேண்டாம்.' இத்தனை வருடத்தில் அந்த வரியை நான் எழுத மறந்தது ஒரே ஒரு தடவை. நைனார் கடையில்.

திருவக்கரைச் சாம்பார்

எங்கள் பக்கத்தில் குறைப்பவர்கள் பத்திரிகைக்காரர்கள் மட்டும்தான். மற்ற எல்லாரும் கூட்டுவார்கள்.

ஏழுமலைக்கும் செல்விக்கும் திருவக்கரைக் கோயிலில் கல்யாணம் நடந்தபோது, சாப்பாட்டுக்கு நானூறு இலை என்று எங்கள் வீட்டில் கணக்குப் போட்டோம். பெண்வீட்டில் சொல்லும்போது, எதற்கும் இருக்கட்டும் என்று ஏழுமலை ஐந்நூறு என்றான். அதை வாங்கிக்கொண்ட செல்வியின் அப்பா, மாப்பிள்ளை வீடு கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்கிறது என்று கருதிச் சமையல்காரரிடம் அறுநூற்றுச் சொச்சம் சொன்னார். சமையல்காரர், பெண்ணைப் பெற்றவர்கள் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள் என்ற அனுபவத்தில் எண்ணூறுக்கு உலை வைத்தார்.

இவர்களில் யாரும் இன்னொருவரிடம் அதைச் சொல்லவில்லை. சொல்வது மரபும் இல்லை. பந்தியில் உட்கார்ந்தபின் சாம்பார் தீர்ந்துபோனது என்ற பேச்சு வந்தால் அந்தக் குடும்பத்தை அப்புறம் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். 'சாம்பார் தீந்த வூடு' என்பார்கள்.

நல்லவேளையாக அன்று பௌர்ணமி. அம்மனைப் பார்க்க வந்த கூட்டம், ஏதோ அன்னதானம் என்று வரிசையில் உட்கார்ந்து மிச்சத்தை முடித்துக்கொடுத்தது. செல்வியின் அப்பாவுக்குப் புண்ணியவான் என்று பெயர் வந்தது. மிஞ்சினால் ஒரு கெடுதலும் வராது என்பதற்கு அவர் கையில் அசைக்க முடியாத சாட்சி அதுதான்.

சோதனை நாள்

இனி கொல்லை வீட்டுக்கு வருவோம்.

வேலைகளை வயர்மேன் தனசேகர் முடித்திருந்தார். செல்வியின் அப்பா, மாப்பிள்ளைக்குத் தன் சீராக இருக்கட்டும் என்று புதுச்சேரியிலிருந்து பிரேக்கரைத் தானே வாங்கி அனுப்பியிருந்தார். சோதனைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பையில் இஸ்திரிப் பெட்டி.

"இது எதுக்கு மாமா?" என்றான் ஏழுமலை.

"பொண்ண குடுத்துகிறேன். கசங்கின சட்டையோட நீ எங்கூட்டு வாசல்ல வந்து குந்தறத எத்தினி நாளு பாக்கறது? இதுவும் ஓடணும்."

நான் செல்வியைக் கவனித்தேன். மிக்ஸிப் பெட்டியை அவளே பிரித்தாள். உள்ளே இருந்த பிளாஸ்டிக் உறையை மடித்து வைத்தாள். ஜாரைக் கழுவினாள். மல்லாட்டை, மிளகாய், உப்பு. பொத்தானைத் திருப்பினாள். அது ஓடிய சத்தத்தில், மறுபடி அடைகாத்துக்கொண்டிருந்த கோழி எழுந்து வெளியே ஓடியது. செல்வி சிரித்துவிட்டாள். ஏழுமலை அதைப் பார்த்தான். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

"கிரைண்டரையும் போடு," என்றார் அவனுடைய மாமனார். போட்டான். "ஃபேனு?" போட்டான். அவர் கையாலேயே இஸ்திரிப் பெட்டியைச் செருகினார்.

புகை வந்தது இதற்கு இரண்டு நிமிடம் கழித்து. நாங்கள் நான்கு பேரும் அப்போதும் நாக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். தனசேகர் மட்டும், "நாக்கு நின்னுக்கினுதான கீது, அப்ப புகை இதுலேர்ந்து வராது," என்று ஒரு கருத்துச் சொன்னார்.

செல்வி எங்களை விலக்கிக்கொண்டு வந்து கட்டைவிரலால் நாக்கைக் கீழே தள்ளினாள். எல்லாம் நின்றது. குழாயிலிருந்து உருகிய வயரின் சிவப்பு, பாகு போல ஒழுகியது.

"மிக்ஸி சுத்துச்சா இல்லியா?" என்றான் ஏழுமலை. "நீ சொன்னது அதான?"

"சுத்துச்சி. வூடும் எரிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் எங்கேந்து சுத்தறது?"

அவள் அப்பா பையை எடுத்தார். "வாம்மா, போவலாம்."

"இருப்பா. எல்லாம் குந்துங்க," என்றாள் செல்வி.

விசாரணை

மிக்ஸிப் பெட்டியும் கிரைண்டர் பெட்டியும் காலியாக இருந்தன, உட்கார்ந்தால் நசுங்கும். தரையில் உட்கார்ந்தோம்.

அவள் பிரேக்கரைக் குனிந்து படித்தாள். "அறுவத்தி மூணுன்னு போட்டுகீது. அண்ணே, நீங்க எவ்ளோ எழுதிக் குடுத்தீங்க?"

"முப்பத்திரண்டும்மா," என்றேன்.

"சீட்ட யாருகிட்ட குடுத்தீங்க?"

"தனசேகரிடம்."

தனசேகர் தொண்டையைச் செருமினார். "கணக்குன்னா அது மேல ஒரு கால் பங்கு வெக்கணும்னு தொழில்ல சொல்வாங்கம்மா. நாப்பதுன்னு மாப்ளைகிட்ட சொன்னேன்."

செல்வி கணவனைப் பார்த்தாள்.

"எதுக்கும் இருக்கட்டுமேன்னு…" என்றான் ஏழுமலை. "உங்கப்பாவுக்கு போன் பண்ணி அம்பதுன்னேன்."

"அப்பா?"

மாமனார் கூரையைப் பார்த்தார். "மாப்ள எப்பயும் கூச்சப்பட்டு கொறச்சிதான் சொல்லும்மா. அம்பதுக்கு மேல இன்னாப்பா கீதுன்னு கடைல கேட்டேன். அறுவத்தி மூணுன்னான்."

"சரி. எல்லாரும் இதுக்கு ஏத்திக்கினே போனீங்களே, வயருக்கு யாரு ஏத்துனது?"

நாங்கள் தனசேகரைப் பார்த்தோம்.

"ஆறு எம்எம்னு சீட்ல இருந்துதும்மா," என்றார் தனசேகர் மெதுவாக. "கைல ரெண்டரை மிச்சம் இருந்துது. கொழாக்குள்ள போற சாமான்தான, யாரு பாக்கப் போறாங்கன்னு…"

நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஆனால் அந்த முப்பத்திரண்டில் கால் பங்கு ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது என்று சீட்டில் எழுதாதவன் நான்தான். அதைச் சொன்னேன். செல்வி என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். செய்தியாளர் வேலையில் எந்த ஆசிரியரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மறுநாள் நைனார் கடைக்குச் சரியாக நான்கு மணிக்கே போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அன்னிக்கி சொல்ல வந்தது இதான் சார். பிரேக்கரு மிக்ஸியக் காப்பாத்தறதுக்கு இல்ல, வயரக் காப்பாத்தறதுக்கு. வயரு தாங்காம போறதுக்கு முன்னாடி அது வுழுந்துடணும். நான் கால் பங்கு சேத்துட்டேன், இனிமே யாரும் சேக்காதீங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன். எத்தினி பேரு சேத்தாங்க?"

"மூன்று."

அவர் எழுந்து பிரேக்கர் அலமாரியில் விரலை வைத்தார். முப்பத்திரண்டு. அடுத்தது நாற்பது. அடுத்தது ஐம்பது. அடுத்தது அறுபத்து மூன்று. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கால் பங்கு கூட. அந்த மூன்று பேரும் ஆளுக்கு ஒரு படி, பிசகாமல் ஏறியிருக்கிறார்கள்.

"பிரேக்கர செஞ்சவன் நம்ம பக்கத்து ஆளா இருப்பானோ?" என்றார் நைனார்.

வெள்ளிக்கிழமை

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, முப்பத்திரண்டு ஆம்ப் பிரேக்கரும் ஆறு எம்எம் வயருமாக மீண்டும் கூடினோம். இந்தத் தடவை வயரைச் செல்வி முதலில் பார்த்தாள். விரலால் தடவி, பழைய வயரோடு சேர்த்துவைத்துப் பருமன் பார்த்தாள்.

மிக்ஸி மட்டும் ஓடியது. ஒரு ஜார், இரண்டு ஜார், மூன்று ஜார். வயர் குளிர்ந்தே இருந்தது.

"இப்ப எல்லாத்தியும் போடு," என்றாள்.

"வோணாம் செல்வி," என்றான் ஏழுமலை. "இதுவே போதும்."

"போடுன்றேன்."

கிரைண்டர், மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி. நான் மனதுக்குள் எண்ணினேன். முப்பத்தெட்டில் 'டக்' என்று ஒரு சத்தம். நாக்கு விழுந்தது. வீடு அமைதியாயிற்று.

"பாத்தியா, வுழுந்துட்ச்சி!" என்று மாமனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "போன வாரமாச்சும் நின்னுது!" ஏழுமலை சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். மூன்று மாதம் வாசலில் உட்கார்ந்தவனின் களைப்பு முழுவதும் அப்போது அவன் முகத்தில் தெரிந்தது.

செல்வி அவனைப் பார்த்துச் சொன்னாள்: "வுழணும்யா. இத்தினி பேர்ல இது ஒண்ணுக்குத்தான் போதும்னு சொல்லத் தெரிது."

அந்த நேரத்தில் வாசலில் ஒரு புது ஆள் வந்து நின்றான். கையில் வண்டிச் சாவி.

"யக்கா, எவ்ளோ நேரம்க்கா ரோட்ல நிக்கறது? எனக்கு மரக்காணத்துக்கு வேற லோடு கீது. சாமான எறக்கறதா, திருப்பி வானூருக்கே வுட்றதா? ஜல்தியா சொல்லு."

நாங்கள் எல்லாரும் செல்வியைப் பார்த்தோம். அவள் அப்பாவும் பார்த்தார். அவர் காலையில் தன் பைக்கில் வந்தவர். பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி மகள் பின்தங்கியதன் காரணம் அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

"வரப்புல வண்டி வராது," என்றாள் செல்வி, யாருக்கோ பதில் சொல்வது போல. "போய்த் தூக்கிக்கினு வாங்க."

சாலையில் ஒரு 'குட்டியானை' சரக்கு வண்டி நின்றிருந்தது. பின்னால் ஒரு டிரங்குப் பெட்டி, இரண்டு குடம், பாய்ச் சுருள். அவற்றுக்கு நடுவில், சாக்கைப் போர்த்தி, கயிறு கட்டி, புத்தம்புதிதாகக் கொத்திய ஓர் அம்மி.

"இது எதுக்கு செல்வி?" என்றான் ஏழுமலை. "அதான் மிக்ஸி ஓடுதே!"

"ஐப்பசில நாலு நாளு வெயிலு வராது. அன்னிக்கி எதுல அரைக்கறது, உன் மண்டைலயா? தூக்கு."

அம்மியை ஏழுமலை, தனசேகர், மாமனார் மூன்று பேருமாகத் தூக்கினார்கள். வரப்பில் வழுக்காமல், பக்கவாட்டில் நடந்து போனார்கள். குழவியை என்னிடம் கொடுத்தார்கள்.